டேட்டாவை அணைத்து வைக்கச் சொல்லாதிருங்கள்



நம் சபையில் தனித்து வாழும் மூத்தவர்கள் பலருடைய வீடுகளில் இன்று வைஃபை இருக்கிறது. தூரதேசத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் அன்போடு அமைத்துக் கொடுத்தது அது. கூடவே ஓர் அறிவுரையும் கொடுத்துச் செல்கிறார்கள்: “வீட்டில் இருக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள் அம்மா, வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.” 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின, சிக்கனம் தேவைதான். ஆயினும் இந்த அறிவுரை எனக்கு உடன்பாடானதல்ல.

அணைப்பது பழக்கமாகிவிடும்; மறுபடியும் போடுவது மறந்துபோகும். தாயார் மருத்துவமனை வரிசையில் அமர்ந்திருப்பார்; மகன் வாட்ஸ்அப்பில் அழைத்து அழைத்துக் கலங்கிப்போவார். டேட்டா இல்லாவிட்டாலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும் என்பது மெய்யே. ஆனால் வெளிநாட்டிலிருந்து சாதாரண அழைப்பில் பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர்?

உள்ளபடி பார்த்தால், அணைக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. வைஃபையில் இணைந்திருக்கும் போன், டேட்டா திறந்திருந்தாலும் வைஃபையையே தெரிந்துகொள்ளும். கசிவு வேறிடத்தில் இருக்கிறது. கூடத்தில் வைத்த ரவுட்டரின் சிக்னல் படுக்கையறையில் மெலியும்போது, போன் ஓசையின்றி டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஐபோனில் இதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர். 2015இல் வந்த இவ்வசதி, நாம் கேளாமலே இயங்கும் நிலையில் இருக்கும். மொபைல் டேட்டா அமைப்புகளின் அடியில் தேடினால் அகப்படும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், வைஃபை அமைப்புகளுக்குள்ளே தானாக டேட்டாவுக்கு மாறும் தெரிவு உண்டு. அணைக்கவேண்டியது இதைத்தான். அதன்பின் படுக்கையறையில் வீடியோ அழைப்பு திக்கினால் ரவுட்டரைச் சற்று நகர்த்தி வையுங்கள்.

இனி வெளியே செல்லும் வேளைக்கு. வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் என்று வைக்கலாம். பிளே ஸ்டோரின் புதுப்பிப்புகளும் கூகுள் போட்டோஸின் சேமிப்பும் அவ்வாறே. யூடியூபில் மொபைல் டேட்டாவுக்கென்று தனியாகக் குறைந்த தெளிவைத் தெரிவுசெய்யலாம். பயணத்தில் இருந்துகொண்டு ஒன்றரை மணி நேர ஆராதனையை உயர்ந்த தெளிவில் பார்த்தால், அன்றைய 1.5 ஜிபி முழுவதும் தீர்ந்துபோகக்கூடும். பின்பு வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். போதகர் ஆசீர்வாதம் கூறக் கை உயர்த்தினால், அந்தக் கை உயர்ந்தபடியே நிற்கும்!

ரயில் நிலையம், உணவகம் போன்ற பொது இடங்களிலோ என் ஆலோசனை நேர்மாறானது. இலவச வைஃபை கிடைக்கிறதென்று அதில் பணப் பரிமாற்றம் செய்யாதிருங்கள்; அதற்கு உங்கள் சொந்த டேட்டாவே உத்தமம்.

பிள்ளைகளே, இவற்றையெல்லாம் போனில் சொல்லிப் புரியவைக்க முயலவேண்டாம். “மேலே மூன்று புள்ளி தெரிகிறதா” என்று கேட்டுக் கேட்டு இருவருக்கும் பொறுமை அற்றுப்போவதைக் கண்டிருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது அருகில் அமர்ந்து செய்து கொடுங்கள். அரை மணி நேரம் போதும்.

அதுவரை காத்திருக்க இயலாதவர்களுக்காக, வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் வாலிபர்கள் சிலர் ஆலய வளாகத்தில் அமர்ந்திருப்பார்கள். வீட்டு ரவுட்டரைப் பார்க்கவேண்டுமானால், மாலையில் வீட்டிற்கே வருவார்கள். போனின் பூட்டை நீங்களே திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லையும் வங்கி பின் எண்ணையும் அவர்களிடம்கூடச் சொல்லவேண்டாம்.