நடுவயதுக் கண்டம்

ஜாதகத்தில் கண்டம் பார்ப்பது மனிதர்களுக்கு மட்டுமே என்று இதுவரை எண்ணியிருந்தேன். மோட்டார் வண்டிக்கும் கண்டம் உண்டு. அதுவும் நடுவயதிலேதான் வருகிறது என்று சென்ற வாரம் அறிந்துகொண்டேன். நாற்பதைத் தாண்டிய ஆசாமியாகையால், விஷயம் என் மனத்தில் சற்று ஆழமாகவே பதிந்துவிட்டது.

சோமனூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் தறிக்கூடம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தின் பின்புறச் சாளையில், பஞ்சுக் கழிவு மூட்டைகளுக்கு நடுவே, அவருடைய தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. நின்றது என்பதைவிட, காற்றிழந்த சக்கரங்களோடு உட்கார்ந்திருந்தது என்பதே பொருந்தும்.

"ஏனுங்க வாத்தியாரே, இரும்புக் கடைக்காரன் எடைக்குக் கேட்கிறானுங்க. பழைய தறிகளையும் அவனுக்குத்தான் போட்டேன். இதையும் போட்டுவிடலாமுங்களா? இந்த மாதிரி வண்டி எத்தனையோ இருந்ததுங்களே!" என்றார்.

"எத்தனையோ இருந்தது" என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எத்தனை செய்தார்கள் என்பது ஒரு கணக்கு; எத்தனை மிஞ்சின என்பது வேறொரு கணக்கு. முன்னதைத் தொழிற்சாலைப் பேரேடு சொல்லும். பின்னதை நம் வீட்டுக் கொட்டகைகள்தாம் சொல்லவேண்டும்.

நம் பாட்டனார் காலத்தில் "பேபி ஆஸ்டின்" என்று அழைக்கப்பட்ட ஆஸ்டின் ஸெவன் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1922ல் இங்கிலாந்தில் அறிமுகமான சிறு கார் அது. 1939ல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 2,90,000 வண்டிகள் வெளிவந்தன. இன்று உலகெங்கும் மிஞ்சியவை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கலாம் என்பது ஆர்வலர்களின் மதிப்பு. அதாவது, முப்பதில் ஒன்று. மற்ற இருபத்தொன்பதும் எங்கே போயின? குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக அந்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு, தகட்டை அரித்துத் தின்றது. 1960ல் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் கட்டாயப் பரிசோதனை வந்தது. 1967ல் அந்த வயது மூன்றாகக் குறைந்தது. தேறாத வண்டிகள் உடைக்கும் கொல்லைக்குச் சென்றன.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். புது வண்டியைச் சொந்தக்காரர் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறார். ஐம்பது வயது வண்டியை ஊரே கூடிப் புகைப்படம் எடுக்கிறது. பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வண்டியைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பழுது பார்க்கும் கூலி வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. அழகென்று சொல்ல வயது போதவில்லை. உபயோகமென்று சொல்ல வயது மிஞ்சிவிட்டது. எத்தனைக்கெத்தனை சாதாரணமான வண்டியோ, அத்தனைக்கத்தனை ஆபத்தும் அதிகம். எல்லோர் வீட்டிலும் இருப்பதை எவரும் காப்பாற்றுவதில்லை.

ஹெரால்டின் கதையும் அதுதான். 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்தது. அங்கே 1971 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் சென்னையிலே, 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இதைச் செய்தது. வரவர உள்நாட்டு உறுப்புகளே சேர்ந்து, நம் தேச வண்டியாகவே ஆகிவிட்டது. நான்கு கதவுள்ள ஹெரால்டு இங்கிலாந்தில் இல்லை. அது நம்மவர்கள் செய்தது. 1972ல் அதன் வாரிசாகக் கஸல் வந்து, 1977 வரை ஓடியது.

இறக்குமதிக் கட்டுப்பாடும், புது வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கும் கஷ்டமும் சேர்ந்து அன்றைக்கு இவ்வண்டிகளைக் காப்பாற்றின. அமைப்பும் உதவியது. அடிச்சட்டம் தனி; உடல் தகடுகள் மரையாணியால் முடுக்கப்பட்டவை; ஒரு தகடு நசுங்கினால் அதை மட்டும் கழற்றலாம். முன்மூடி முழுவதும் முன்புறமாகக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். கிடைக்காத உறுப்பைக் கோயமுத்தூர்ப் பட்டறையில் கடைசல் பிடித்துக்கொள்ளலாம். கொங்கு நாட்டு வறண்ட வெயில் தகட்டுக்கு நண்பன், ரப்பருக்குத்தான் பகைவன். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஹெரால்டுகளுக்கு அப்போது நடுவயது. கண்டம் பிடித்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர், "கோயமுத்தூரிலே கார் மியூசியம் இருக்குதுங்களே, அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?" என்றார்.

நம் பக்கத்துக் கலங்கலிலே பிறந்த ஜி. டி. நாயுடுவின் பெயரை நினைவூட்டும் ஜீடீ கார் காட்சிசாலையைத்தான் சொன்னார். 2015ல் அவிநாசி ரோட்டில் திறந்தார்கள். குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டவேண்டிய இடம். ஆனால் எந்தக் காட்சிசாலையும் ஒரு மாதிரிக்கு ஒரு வண்டியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மிச்சம் வீடுகளின் பொறுப்பு.

சர்க்காரும் ஒரு வழி திறந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்து, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய 2021 ஜூலையில் விதி வந்தது. அதில் குறித்த கட்டணம் ரூ. 20,000, பத்து வருஷம் செல்லும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் பழைய ஆர்.சி. புத்தகம் வேண்டும். காகிதம் தொலைந்தால் கார் வெறும் இரும்பு.

"அப்படீன்னா இது கண்டத்தைத் தாண்டிடுச்சுங்களா?"

"தாண்டிவிட்டது, ஐயா. ஆர்.சி. புத்தகம் எங்கே?"

பெரியவர் பதில் சொல்லாமல் எழுந்து, தகப்பனாரின் டிரங்குப் பெட்டியைத் தேடி உள்ளே போனார். அரைமணி கழித்து, மூலை மடங்கிய சிறு புத்தகம் ஒன்றை வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார்.

வீடு திரும்பும் வழியில், இரும்புக் கடை வாசலில் ஒரு மாருதி 800 நின்றிருந்தது. 2014ல் நிற்பதற்குள் அதை 25 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். "எத்தனையோ இருக்கிறதே" என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.