ஒரே பலகையில் கணக்கு வகுப்பும் கொலைச் செய்தியும்

பல்லாவரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. இடப்பக்கம் அந்த வாரத்து வகுப்புகளை எழுதுவோம். திங்கள், புதன் கணக்கு, செவ்வாய் ஆங்கிலம், சனிக்கிழமை பறை, ஞாயிறு காலை வாசிப்பு வட்டம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சந்தை, பிள்ளைகளில் பாதிப் பேர் பெற்றோருடன் கடையில் நிற்பார்கள். பலகையின் வலப்பக்கம் அந்த வாரத்து முக்கியச் செய்தி.

2025 ஜூலை 27 அன்று, சென்னையில் வேலை பார்த்துவந்த ஒரு தலித் மென்பொருள் பொறியாளர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதுதான் காரணம். மறுநாள் அதைப் பலகையில் எழுதினோம். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு அம்மா பலகையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். “இந்த வயசுலயே இதெல்லாம் புள்ளைங்களுக்குத் தெரியணுமா தம்பி? படிக்கத்தானே அனுப்புறோம்?” என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ‘தெரிந்துதானே ஆக வேண்டும் அக்கா’ என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதன்பின் எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. வகுப்பை வகுப்பாக நடத்துவோம், அரசியலைத் தனியாக வைத்துக்கொள்வோம் என்றார்கள் சிலர். இன்னொரு மூத்த தோழரோ நேரெதிராகப் பேசினார். “டியூஷன் எடுக்க ஆயிரம் தொண்டு நிறுவனம் இருக்கு தோழர். நம்ம வேலை போராட்டம்.” இரண்டும் வேறுவேறு வாதம்போலத் தெரிந்தாலும் முடிவு ஒன்றுதான்: பலகையை நடுவில் உடைத்து இரண்டாக்க வேண்டும்.

உடைக்கக் கூடாது என்பது என் கருத்து.

நம் இயக்கத்தின் வரலாற்றில் இவை இரண்டும் தனித்தனியாக இருந்ததில்லை. 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. ஓராண்டில் ‘தமிழன்’ ஆனது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவரது எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் நம் தலைமுறை அவற்றைப் பரவலாகப் படிக்க முடிந்தது. பௌத்த ஆராய்ச்சியாளராகவும் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளராகவும் அவரைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அந்த இதழ் ஒரு செய்தித்தாளும்கூட என்பதை மறந்துவிடுகிறோம். நாட்டு நடப்பும் உலகச் செய்தியும் வாசகர் கடிதமும் சாக்கிய பௌத்த சங்கக் கூட்டங்களின் விவரமும் அதே பக்கங்களில் வந்தன. அரசாங்கம் என்ன செய்கிறது என்று படித்த வாசகர், தன்னைப் போன்றவர்கள் எங்கே கூடினார்கள், என்ன பேசினார்கள் என்பதையும் படித்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவருக்கு அந்த இதழ் பொழுதுபோக்கு அல்ல. ‘நீ தனியாள் இல்லை’ என்று வாரந்தோறும் வந்த தகவல் அது.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 ஜூலையில் பம்பாயில் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களில் விடுதிகளும் நூலகங்களும் படிப்பு வட்டங்களும் இருந்தன. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கப்பட்டது. மூன்றாவது ஆண்டில், 1927 மார்ச் 20 அன்று, மகத் குளத்து நீரை மக்கள் அள்ளிக் குடித்தார்கள். விடுதியை நடத்தியதும் குளத்தை நோக்கி நடந்ததும் ஒரே இயக்கம்தான். ‘டியூஷன் நம் வேலை இல்லை’ என்கிற தோழர் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். ‘கற்பி’ என்பதை முழக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கான அறையையும் விளக்கையும் கரும்பலகையையும் தொண்டு நிறுவனத்திடம் விட்டுவிட முடியாது.

பல்லாவரத்துக்கு வருவோம். இந்த ஊருக்குப் பெருமைகள் உண்டு. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் கற்கருவியைக் கண்டெடுத்தார். மறைமலையடிகள் இங்கே வாழ்ந்தபோதுதான் 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. ஊர் வரலாறு பேசும் விழாக்களில் இந்த இரண்டும் வரும். பக்கத்துக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த தோல் தொழிற்சாலையும், தோலை ஊறவைத்துக் கை வெந்துபோன உழைப்பாளர்களும் வரமாட்டார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலருடைய தாத்தாக்கள் தோல் பதனிடும் வேலை பார்த்தவர்கள். அது ஒரு வரலாறு என்று அந்தப் பிள்ளைகளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

செய்தியும் தொலைவிலிருந்து வருவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். உயிர்களும் போயின. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. 2024 பிப்ரவரி 24 அன்று பள்ளிக்கரணையில், சாதி மறுப்புத் திருமணம் செய்திருந்த தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். மனைவியின் சகோதரர் உள்ளிட்டோர் கைதானார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணும் இறந்துபோனார். ‘இதெல்லாம் தென்மாவட்டத்தில்’ என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல்: பல்லாவரத்தில் தொடங்கும் ரேடியல் சாலை பள்ளிக்கரணை வழியாகத்தான் துரைப்பாக்கத்துக்குப் போகிறது. மென்பொருள் நிறுவனங்களுக்கு நாம் தினமும் போகும் அதே சாலை.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே கைப்பேசியில் கொலைக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கொன்றவனைப் புகழ்ந்து இசை சேர்த்த காணொளியும் அவர்களுக்கு வந்து சேர்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அந்த மாணவர்களுக்கும் யாரோ வகுப்பு எடுத்திருக்கிறார்கள். கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள், குருபூஜைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள், ஊர்ப் பெருமை சொல்லியிருக்கிறார்கள். சாதிக்கு மாலை வகுப்பு நடக்கிறது. விடுமுறையே விடாமல் நடக்கிறது. நாம் எடுக்காவிட்டால் வகுப்பே இல்லாமல் போகும் என்று நினைக்க வேண்டாம்.

ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. நாங்கள் செய்தியை மட்டும் எழுதியிருந்தோம். வெட்டிக் கொன்றார்கள் என்று எழுதிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கணக்குப் போட உட்காரச் சொன்னோம். அதைப் படித்த பிள்ளைக்கு எஞ்சுவது பயம் மட்டும்தான். அதுவும் ‘நாமும் இப்படித்தான் சாவோம்’ என்கிற பயம். இதைத்தான் சாதியும் சொல்லிக்கொடுக்க விரும்புகிறது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தச் செய்தியை எழுதினாலும் அதற்குக் கீழே ஒரு வகுப்பு இருக்க வேண்டும். குடிநீர்ச் செய்தி என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும் வகுப்பு: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும், நம் தெருக் குழாய் நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேள். வன்கொடுமைச் செய்தி என்றால், வளர்ந்தவர்களுக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வகுப்பு: புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். காயம்பட்ட உடலின் படம் பலகைக்கு வராது. சின்னப் பிள்ளைகளிடம் கொலையின் விவரம் பேசமாட்டோம். கேள்வி கேட்டால் ஒளிக்கவும் மாட்டோம். நாங்குநேரி மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் 469 மதிப்பெண் எடுத்ததையும் எழுதினோம். அன்று பலகை முன்னால் கூட்டம் அதிகம்.

வாசிக்கும் தோழர்களிடம் ஒரு சொல். ஏப்ரலில் நீலத்தின் வானம் கலைத் திருவிழாவுக்கும் மார்கழியில் மக்களிசைக்கும் நாம் திரளாகப் போகிறோம். போகத்தான் வேண்டும். ஒரு கொலை நடந்தால் நம் பதிவுகள் இரண்டு நாள் கொதிக்கின்றன. அதுவும் வேண்டும். மூன்றாம் நாள் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி. ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதல்வர் அறிவித்தார். சட்டம் வந்தே ஆக வேண்டும். வந்த பிறகும், அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குள் தைரியமாக நுழைய ஒரு ஆள் தெருவுக்குத் தெரு வேண்டுமே. அந்த ஆள் வாரம் இருமுறை நடக்கும் ஏதோ ஒரு வகுப்பிலிருந்துதான் வருவார்.

எங்களுக்கும் சிக்கல்கள் உண்டு. இப்போது இருப்பது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. மழை பெய்தால் வகுப்பு இல்லை. அதற்கு முன் கேட்டுப்போன ஒரு மண்டபத்தில், வாடகை சொல்வதற்கு முன்பு ‘நீங்க எந்தச் சங்கம்?’ என்றார்கள். அம்பேத்கர் படத்தைப் பார்த்ததும் அந்த மாதம் முழுக்கத் தேதி இல்லாமல் போனது. முனைவர் பட்ட வேலைக்கு நடுவே நான் பல வாரம் போக முடியவில்லை. நான் இல்லாத நாள்களில் கணக்கு எடுத்தவர் கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை. நான்கு வருடம் முன்பு அதே பாயில் உட்கார்ந்து படித்தவர்.

கேள்வி கேட்ட அந்த அம்மா பிள்ளையை நிறுத்தவில்லை. போன மாதம் தெருவில் மூன்று நாள் தண்ணீர் கலங்கலாக வந்தபோது, மனு எழுதும் வகுப்பு எந்தக் கிழமை என்று பலகையில் தேடியவர் அவர்தான். அந்த வாரம் எழுதியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று அவரே சாக்பீஸ் வாங்கி எழுதிவிட்டுப் போனார். பன்னிரண்டு பேர் வந்தார்கள்.