முக்கால் டன் திரையும் நாலு மணல் மூட்டையும்

ஐபிஎல் இறுதிப் போட்டிக்காக எங்கள் ஏனாத்தூர் பக்கம் ஒரு திடலில் எல்ஈடி திரை கட்டினார்கள். 20 அடி அகலம், 12 அடி உயரம், தரையிலிருந்து 8 அடி மேலே. இரும்புச் சட்டத்தின் காலடியில் நாலு மணல் மூட்டை. பிள்ளைகள் முன்வரிசையில், திரைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டிய பையனிடம் கேட்டேன். "தாத்தா, இது முக்கால் டன் வெயிட்டு. எங்க போயிடப் போவுது?" என்றான்.

இந்தப் பதிலைத்தான் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். இது தப்பு. எடை கீழ்நோக்கி இழுக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது நெம்புகோலை 'லெவியே' என்று சொல்லித் தந்தார்கள். ஈஃபில் கோபுரத்துக் கால்களின் வளைவைக் காற்றுதான் தீர்மானித்தது என்பதும் அந்த வகுப்பில் கேட்டதுதான். நான் எஞ்சினியர் இல்லை, குமாஸ்தா. ஆனால் இந்தக் கணக்குக்கு அது போதும்.

கோடை மழைக்கு முன்னால் மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று அடித்தால், இந்தத் திரைமேல் விழும் தள்ளு சுமார் 850 கிலோ. அதுவும் 14 அடி உயரத்தில். சட்டத்தின் கால் அகலமோ 5 அடி. 50 கிலோ மூட்டை நாலு என்ன செய்யும்? காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. சென்னைக்கு இந்தியத் தர விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். துணி பேனர் என்றால் கிழிந்து காற்றை விட்டுவிடும். இந்தத் திரை, பின்பக்கம் மூடிய பலகை.

2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது சேப்பாக்கத்திலேயே சைட் ஸ்கிரீன்கள் சேதமாயின. நாலு நாளில் இங்கிலாந்து டெஸ்ட். கருண் நாயரின் 303-ஐ மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

2023 ஜூன் 1-ல் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். 2024 மே 13-ல் மும்பை காட்கோபரில் 17 பேர். அனுமதி 40-க்கு 40 அடி. நின்றது 120-க்கு 120. அதற்கு அஸ்திவாரமும் போதவில்லை.

மைக் செட்டுக்கு போலீஸ் அனுமதி வாங்குகிறார்கள். திரையின் சட்டத்துக்கு எவன் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டால் முழிக்கிறார்கள். முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன் நான். கையெழுத்து இல்லாத காகிதம் என் மேஜையைத் தாண்டியதில்லை.

அன்று காற்று அடிக்கவில்லை. அதனால் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அடுத்த முறை நாலு மூலைக்கும் இழுகயிறு கட்டி, முளை அடித்து, திரையிலிருந்து 30 அடிக்கு அப்பால் கயிறு போட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். கயிறு வாங்கக் காசு இல்லை என்றால் என் பென்ஷனில் தருகிறேன்.