கொழுகொழு நாய் ஆரோக்கியமான நாயா? நெல்லை யானையிடமிருந்து ரிஷிவந்தியம் வீடுகளுக்கு ஓர் எடைக்கணக்கு

"உங்க நாய் நல்லா கொழுகொழுன்னு இருக்கே, என்ன போடுறீங்க?" இப்படி யாராவது கேட்டால் நமக்குப் பெருமையாத்தான் இருக்கும். கேட்டவர் பாராட்டிட்டுப் போயிடுவார். அதே நாய் திண்ணையில் ஏறும்போது பின்னங்கால் ஒரு நொடி தயங்குதா? தெருமுனை வரை போய்வந்ததுக்கே பத்து நிமிஷம் மூச்சு வாங்குதா? பார்த்திருக்கீங்களா?

ரிஷிவந்தியம் என்றால் உங்களில் பலருக்கு 2011-ல் விஜயகாந்த் ஜெயிச்ச தொகுதியாத்தான் ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி போடுற விவசாயப் பகுதி. இந்த மாதிரி ஊர்களில் நாய் என்றால் ஆட்டுக்குப் பின்னால் போகும், கொல்லையைக் காக்கும், ராத்திரி களத்துல படுக்கும். மிச்சம் மீதி கிடைத்தால் சாப்பிடும். அந்த நாய்க்கு உடம்பு ஏற வழியே கிடையாது. இப்போ காம்பவுண்ட் சுவர், இரும்பு கேட், உள்ளே சங்கிலியில் ஒரு லேப்ரடார். கேட்டைப் பார்த்துக் குரைக்கிறதைத் தவிர அதுக்கு வேலை இல்லை. தட்டு மட்டும் நாளுக்கு நாலு தடவை நிறையுது. குண்டு நாய் என்பது சென்னை அப்பார்ட்மென்ட் பிரச்னை என்று நினைத்தால், ஒருமுறை உங்க தெருவையே சுற்றிப் பாருங்க.

அளவுக்கு மீறிய பாசம் ஒரு பிராணியின் மூட்டை என்ன பண்ணும் என்பதைத் தமிழ்நாடு நாயிடம் பார்த்ததைவிட யானையிடம்தான் அதிகம் பார்த்திருக்கு. கோயில் யானை நாள் முழுக்கக் கல் தரையில் நிற்கும். வர்ற பக்தர்கள் எல்லாம் வாழைப்பழம், தேங்காய், வெல்லம் என்று கொடுப்பாங்க. காட்டில் நாள் பூராவும் நடந்து மேயுற உடம்பு அது. 2003-ல் முதுமலை தெப்பக்காட்டில் கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமை அரசு தொடங்கினது இதையெல்லாம் பார்த்துத்தான். பிறகு அந்த முகாம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் தேக்கம்பட்டிக்கு மாறியது. மீம் போடுறவங்க "யானைக்கு டூரா?" என்று கிண்டலடிச்சாங்க. ஆனா அங்கே ஒரு உருப்படியான வேலை நடந்தது. வந்ததும் யானையை எடை மேடையில் ஏத்தி, எவ்வளவு இருக்கு என்று எழுதி வைப்பாங்க. அதை வைத்துத்தான் தீவனமும் நடையும்.

அந்த வரிசையில் மறக்க முடியாத பேர், திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் காந்திமதி. 1985-ல் கோயிலுக்கு வந்த யானை. வயதுக்கு மீறிய எடை, அதோட மூட்டு வலி. மருத்துவர்கள் சொன்னபடி உணவை மாத்தி, தினமும் நடக்கவிட்டு, ஆறு மாதத்தில் 150 கிலோ குறைச்சாங்க. 2022-ல் பக்தர்கள் சேர்ந்து 12,000 ரூபாயில் தோல் செருப்பு செய்து போட்டதும் இந்தக் காந்திமதிக்குத்தான். அந்த போட்டோ உங்க போனுக்கும் வந்திருக்கும்.

150 கிலோ என்றதும் மலைப்பா இருக்கும். ஆனா வளர்ந்த பெண் யானை ஏறத்தாழ மூணு, நாலு டன் இருக்கும். அந்த உடம்பில் 150 கிலோ என்பது நாலைந்து சதவிகிதம்தான். அதுக்கே ஆறு மாதம் எடுத்துக்கிட்டாங்க. யாரும் பட்டினி போடலை, ஓட வைக்கலை.

2025 ஜனவரி 12-ம் தேதி காந்திமதி இறந்தது. வயது 56. கடைசி நாள்களில் மூட்டு வலியால் படுத்த யானை எழ முடியவில்லை, கிரேன் கொண்டு வந்து தூக்கி நிறுத்திப் பார்த்தாங்க. வயதும் நோயும் சேர்ந்த முடிவு அது. எடை ஒன்றையே காரணமாகச் சொல்வது சரியில்லை. ஆனால் தேய்ந்துபோன மூட்டை எடைக்குறைப்பு திருப்பிக் கொடுக்காது, இருக்கிற மூட்டின் பாரத்தைத்தான் குறைக்கும். அதனால் ஐந்து வயது நாய்க்கு இந்த வேலையை இப்பவே ஆரம்பிக்கணும். பத்து வயசில் அது நொண்டும்போது ஆரம்பித்தால் கிடைக்கிற பலன் ரொம்பக் குறைவு.

இதற்கு அமெரிக்காவில் ஓர் உறுதியான ஆதாரம் இருக்கு. 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து சாகும் வரை பின்தொடர்ந்தாங்க. ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது சாப்பிட்டதைவிட 25 சதவிகிதம் குறைவான தீனி. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் சராசரி ஆயுள் 13 வருஷம், மற்றவை 11.2 வருஷம். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஏறத்தாழ மூணு வருஷம் தள்ளிப் போயிருந்தது. இத்தனைக்கும் அதிகம் சாப்பிட்ட நாய்கள் நம்ம ஊர்க் கணக்கில் 'கொஞ்சம் பூசினாப்பல' இருந்தவைதான்.

கையை வைத்துப் பாருங்க

உங்க நாய் குண்டா, இல்லையா என்பதைக் கண்ணால் முடிவு பண்ணாதீங்க. முடி ஏமாத்தும். ரெண்டு கையையும் விலாப்பக்கம் வைத்து லேசாகத் தடவுங்க. அழுத்தாமலே விலா எலும்பு விரலில் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். அழுத்தியும் கிடைக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கிற நேரம் வந்தாச்சு. மேலேயிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கணும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேல்நோக்கி ஏறியிருக்கணும்.

இங்கே எதிர்ப்பக்கத் தப்பும் நடக்குது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை இன நாய்களுக்குக் கடைசி ஒன்றிரண்டு விலா எலும்பு தெரிவதுதான் இயல்பு. "ஐயோ, எலும்பு தெரியுதே" என்று ஆயா இரக்கப்பட்டு நெய்ச்சோறு ஊட்ட ஆரம்பித்தால், ஓடப் பிறந்த நாய் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கும். 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் நம்ம இனங்களைப் பற்றிப் பேசிய பிறகு சிப்பிப்பாறை, ராஜபாளையம் வாங்குறது ஒரு ஃபேஷனாவே ஆயிடுச்சு. ஓட இடமில்லாத வீட்டில் வேட்டை நாய் எதுக்கு என்பது என் கேள்வி, அதைத் தனியாப் பேசலாம்.

லேப் வச்சிருக்கவங்களுக்கு ஒரு ஆறுதல். அது எப்பப் பார்த்தாலும் பசியோட பார்க்கிறது முழுக்க நடிப்பு இல்லை. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை இருக்கு என்று கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் 'போதும்' என்கிற தகவல் சரியாப் போய்ச் சேர்வதில்லை. அப்போ 'போதும்' என்று சொல்ல வேண்டியது நீங்கதான்.

டயட்டுக்கு முன்னால் ஊசி போடுற இடம்

தீனியைக் குறைக்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. இது சம்பிரதாயத்துக்குச் சொல்றது இல்லை. வயிறு மட்டும் பானை மாதிரி பெருத்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கிட்டு இருந்தால் அது கொழுப்பே இல்லாமல் இருக்கலாம். கல்லீரல், இதயக் கோளாறில் வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், குட்டிக்குக் குடற்புழு இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் நாய் கொஞ்சமா சாப்பிட்டே குண்டாகும். இதையெல்லாம் டயட் சரிசெய்யாது.

நம்ம பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் முதல் வரிசை, அது நியாயமும்கூட. நாயைக் கூட்டிப் போறது பெரும்பாலும் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு மட்டும்தான். அந்த ஒரு நாளைப் பயன்படுத்துங்க. "சார், எடை சரியா இருக்கா, எவ்வளவுக்குக் கொண்டு வரணும்?" என்று ரெண்டு கேள்வி. இன்னும் விவரமாப் பார்க்கணும் என்றால், கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போற வழியிலேயே தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-ல் திறந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

ஒரு பாக்கெட் பிஸ்கட் எவ்வளவு தெரியுமா?

உங்க லேப் 36 கிலோ, மருத்துவர் சொன்ன இலக்கு 30 கிலோ என்று வைத்துக்குவோம். 30 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி வேணும். எடைக்குறைப்புத் திட்டம் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் தொடங்கும். இப்போ 50 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டை எடுங்க. அதில் சுமார் 225 கலோரி. அதாவது நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கு! அதைத்தான் நாம 'சும்மா ஒரு பிஸ்கட்' என்று டீக்கடையில் உடைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கோம். ஸ்நாக்ஸ் எல்லாம் சேர்த்தே நாளைக்குப் பத்து சதவிகிதம் தாண்டக் கூடாது.

அடுத்தது கோழிக்கடை வேஸ்ட். தோலும் கொழுப்பும்தான் அதில் அதிகம். திடீரென நிறையக் கொழுப்பு போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். தோல் நீக்கிய கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துப் போடுங்க.

இன்னொரு தப்பு, தட்டைப் பாதியாக்குறது. ரசஞ்சோறு, தயிர்சோறு சாப்பிடுற நாய்க்கு ஏற்கெனவே புரதம் குறைவு. அதையும் பாதியாக்கினால் கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். சோற்றைக் குறைச்சு, கறி அல்லது முட்டை, அதோட சுரைக்காய், பூசணி, பீன்ஸ், கேரட் என்று வேகவைத்துச் சேர்த்தால் வயிறும் நிறையும், கலோரியும் குறையும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம். பல மாதம் வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் சத்துக்கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்குங்க. கடைத் தீனி என்றால் டம்ளரால் அளக்காமல் சமையல் தராசில் கிராம் கணக்கில் போடுங்க.

இதையெல்லாம் நீங்க ஒழுங்காச் செய்வீங்க. காலையில் அப்பா டீயோடு பிஸ்கட் போடுவார், மதியம் அம்மா மிச்சச் சோறு வைப்பாங்க, சாயங்காலம் ஆயா முறுக்கு உடைச்சுத் தருவாங்க, ராத்திரி தம்பி ஆம்லெட் ஓரம். நாலு பேருக்கும் தான் கொடுத்தது மட்டும்தான் தெரியும். நாய்க்கு மட்டும் எல்லாம் தெரியும். பெரும்பாலான வீட்டு டயட் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். யானைக்கு ஒரு பாகன் இருக்கார், உங்க வீட்டில் பாகன் யார்? ஒரு ஆளை முடிவு பண்ணுங்க. அன்றைய தீனி மொத்தத்தையும் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைங்க. யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். ஆயாகிட்ட "கொடுக்காதீங்க" என்று சொன்னால் வருத்தப்படுவாங்க. "இந்தாங்க ஆயா, இந்தக் கேரட்டை நீங்கதான் கொடுக்கணும்" என்று சொல்லிப் பாருங்க.

வேகம் எவ்வளவு? நாய்க்கு வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் ரெண்டு சதவிகிதம். 36 கிலோ நாய்க்கு 360 முதல் 700 கிராம் வரை. மெதுவான கணக்கில் போனால் 30 கிலோவைத் தொட நாலைந்து மாதம் ஆகும். அதைவிட வேகமாக இறங்கினால் சந்தோஷப்படாமல் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்க. மாதம் ஆகியும் இறங்கவே இல்லை என்றால் பத்து சதவிகிதம் குறைங்க. அதுக்கு முன்னால் பக்கத்து வீட்டில் என்ன சாப்பிடுது என்று விசாரிச்சுடுங்க.

நடை விஷயத்தில் நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றுதான். பைக்கில் சங்கிலியைக் கட்டி ஓட விடாதீங்க. குண்டு நாய்க்கு மூட்டில் ஏற்கெனவே பாரம், நம்ம வெயிலில் மூச்சு வாங்கியே உடல் சூடு ஏறிச் சுருண்டு விழலாம். விடியற்காலையோ, தரை ஆறின பிறகு சாயங்காலமோ, பத்து நிமிஷத்தில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ஏரிக்கரை மண்பாதை இருந்தால் அதுதான் பெஸ்ட்.

மாத்திரை இருக்கா என்று கேட்பீங்க. 2007-ல் அமெரிக்காவில் நாய்களுக்கென்றே ஒரு எடைக்குறைப்பு மருந்துக்கு அனுமதி கொடுத்தாங்க, அது இப்போ சந்தையிலேயே இல்லை. மனுஷங்க எடைக்குறைப்பு ஊசி, மாத்திரையை நாய்க்குக் கொடுத்துப் பார்க்கும் விபரீதம் வேண்டாம்.

பூனை வளர்க்கிறவங்க மட்டும் மேலே சொன்ன வேகத்தை மறந்துடுங்க. பூனைக்கு வாரம் அரை முதல் ஒரு சதவிகிதம் போதும். குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். "பசிச்சாத் தானா சாப்பிடும்" என்று புதுத் தீனியை வைத்துவிட்டுக் காத்திருக்காதீங்க. ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்க.

எடை பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சின்ன நாய், பூனை என்றால் தூக்கிக்கிட்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, உங்க எடையைக் கழிச்சுக்குங்க. 36 கிலோ லேப்பைத் தூக்கினால் உங்க இடுப்பு போயிடும். மக்காச்சோள மூட்டை போடுற மண்டித் தராசு இருக்கே, அதில் ஏத்தி உட்கார வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். மண்டிக்காரர் முதல் தடவை சிரிப்பார். மூணாவது தடவை, "போன வாட்டி எவ்வளவு இருந்துச்சு தம்பி?" என்று அவரே கேட்பார்.