சந்திர மண்ணும் சித்தம்பூண்டிக் கல்லும்

மே மாதம் பிறந்துவிட்டால் டில்லிவாசிகளாகிய நம் வீடுகளுக்கு ஒரு விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்வது வழக்கம். இவ்வூரார் அதனை 'ஆந்தி' என்பர். பிற்பகல் வேளையில் மேற்றிசை வானம் மஞ்சள் பூத்துக் கறுக்கும். அடுத்த கணம் ராஜஸ்தானத்துப் புழுதி முழுவதும் நம் கூடத்திலே வந்து உட்கார்ந்துவிடும். சாளரங்களை இறுகச் சாத்தியும் பயன் இராது. மறுநாட் காலையில் நம் இல்லத்தரசியர் ஈரத்துணியும் கையுமாக நிற்கும் காட்சியை நான் வருணிக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஆந்தி ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகளின் தமிழ் வகுப்பில் 'மண்', 'புழுதி', 'தூசி' ஆகிய சொற்களுக்குள்ள வேற்றுமையை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "மாமா, நிலாவிலே ஆந்தி அடிக்குமா? அங்கே யார் பெருக்குவார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உடனே விடை கூற இயலவில்லை. அன்று கூறாத விடையையே இங்கு எழுதுகிறேன்.

சந்திரனில் ஆந்தி இல்லை. காற்றே இல்லாத இடத்தில் ஆந்தி ஏது? ஆயினும் புழுதிக்குக் குறைவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. நம் யமுனைக் கரை மணலை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். இமயத்திலிருந்து புறப்பட்டு வழியெல்லாம் உருண்டு புரண்டு வந்தமையால், அதன் துகள்களின் முனைகள் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பூமியின் மண்ணை ஆக்குவன நீரும், காற்றும், வெயிலும், மரவேரும், மண்புழுவும், கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஆகும். சந்திரனில் இவற்றுள் வெயில் ஒன்றே உண்டு. அங்கே மண்ணை ஆக்கியது அடி, வெறும் அடி. விண்ணிலிருந்து விழும் கற்கள், பெரும்பாலும் மணலினும் சிறியவை, தடுப்பதற்குக் காற்று இன்மையால் மிகுந்த வேகத்துடன் பாறையில் மோதுகின்றன. பாறை நொறுங்குகிறது, சிறிது உருகிக் கண்ணாடியாகவும் உறைகிறது. அக்கண்ணாடி பக்கத்துத் துகள்களைப் பற்றி ஒட்டிக்கொள்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளில் ஓரிரு மில்லிமீட்டர் அளவே இவ்வாறு மண் சேரும். ஆனால் காலத்துக்கு அங்கே பஞ்சம் இல்லை. தாழ்ந்த கரிய சமவெளிகளில் நான்கைந்து மீட்டரும், மேட்டு நிலங்களில் பத்துப் பதினைந்து மீட்டரும் ஆழத்துக்கு அது படிந்திருக்கிறது.

உடைந்தவை உடைந்தபடியே கிடப்பதால், அத்துகள்கள் நொறுக்கிய கண்ணாடிபோற் கூர்மையானவை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 கலத்தில் சென்ற செர்னானும் ஷ்மிட்டும் அதன் கொடுமையை நன்கு அனுபவித்தார்கள். அவர்கள் ஓட்டிய வண்டியின் சக்கரக் காப்புத் தகடு ஒன்று உடைந்துவிட, சக்கரம் வாரியிறைத்த புழுதி அவர்கள்மேல் மழையாகப் பொழிந்தது. கையிலிருந்த நான்கு நிலப்படங்களை ஒட்டுநாடாவால் ஒன்றாக ஒட்டி, அதையே தகடாகப் பொருத்திச் சமாளித்தார்கள். பழைய ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு டில்லியில் காலந்தள்ளிய நம் அன்பர்களுக்கு இத்தகைய வைத்தியம் புதிதன்று! கலத்துக்குள் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது சுட்ட வெடிமருந்தின் மணம் வீசியதாம். ஷ்மிட்டுக்கு மூக்கடைத்துத் தொண்டையும் கரகரத்தது. மின்னேற்றம் பெற்ற துகள்களாதலின் அவை துடைத்தாலும் உடையை விட்டுப் போகவில்லை. ஆகவே பெருக்குவது யார் என்று கேட்ட சிறுமிக்கு என் விடை இது: பெருக்கப் போனவர்கள் தோற்றுத் திரும்பினார்கள், அம்மா.

அம்மண்ணைப் பற்றி அறிஞர்களுக்கு அதற்கு முன்பே ஓர் அச்சம் இருந்தது. தாமஸ் கோல்டு என்னும் வானநூல் அறிஞர், சந்திரனின் சமவெளிகளில் ஆழமான மென்புழுதி நிறைந்திருக்கலாம் என்று 1955-ல் எழுதினார். அவ்வாறாயின் இறங்கும் கலம் புதைகுழியில் விழுந்த யானைபோல அமிழ்ந்துவிடும் அல்லவா? 1966 பிப்ரவரியில் ருஷ்யரின் லூனா 9, ஜூனில் அமெரிக்கரின் சர்வேயர் 1 ஆகியவை இறங்கி, அமிழாமல் நின்ற பின்னரே அவ்வச்சம் நீங்கிற்று. மண்ணின் இயல்பை அறியாமல் அதன்மேற் கால் வைப்பது எத்தகைய துணிகரச் செயல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2008-ல் சந்திரயான் 1 சந்திரனைச் சுற்றிவந்த பின்னர், அடுத்ததாக அங்கே ஒரு கலத்தை இறக்கி, வண்டியையும் ஓடவிட வேண்டும் என்று நம் விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ திட்டமிட்டது. இறங்குகாலும் சக்கரமும் அம்மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டுமானால், அம்மண்ணே வேண்டும். அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து கொண்டுவந்தது 382 கிலோதான். அதைச் சக்கரம் ஓட்டிப் பார்க்க யார் தருவார்கள்? அமெரிக்கர் அரிசோனா மாநிலத்து எரிமலைச் சாம்பலிலிருந்து ஒரு மாதிரி மண் செய்து வைத்திருந்தனர். அதை வாங்கலாமெனில் விலை கிலோ ஒன்றுக்கு 150 டாலர் என்று மயில்சாமி அண்ணாதுரை பின்னாளில் தெரிவித்திருக்கிறார். தேவையோ ஐம்பது டன்னுக்கு மேல்!

விலையைக் காட்டிலும் பெரிய இடர் ஒன்று இருந்தது. நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாய்மார், அதில் பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டும் கரிய திட்டுகள் இருக்கின்றனவே, அவை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுப் பாறைச் சமவெளிகள். அமெரிக்கரின் மாதிரி மண் அச்சமவெளிகளுக்கே பெரிதும் பொருந்தும். நம்மவர் இறங்கக் கருதியதோ தென்துருவத்தை அடுத்த வெண்ணிற மேட்டு நிலம். அந்த வெண்மைக்குக் காரணம் அனார்த்தோசைட்டு என்னும் பாறை. சந்திரன் தோன்றிய காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய குழம்பாயிருந்தது என்றும், சுண்ணமும் அலுமினியமும் மிகுந்த இலேசான படிகங்கள் காய்ச்சிய பாலில் ஆடைபோல் மேலே மிதந்து உறைந்தன என்றும் அறிஞர் கூறுவர். அந்த ஆடைதான் அனார்த்தோசைட்டு. பூமியில் அது அரிது.

அரிதான அப்பாறை எங்கே அகப்பட்டது தெரியுமா? நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூருக்கு அருகிலுள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய சிற்றூர்களில்! இது திடீரென்று கண்ட புதையலன்று. அப்பகுதி சேலம் மாவட்டமாயிருந்த 1956-லேயே ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் புவியியல் அறிஞர் சித்தம்பூண்டிப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து, அமெரிக்கப் புவியியற் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அப்போது விண்ணில் ஒரு ஸ்புட்னிக்கூடப் பறந்ததில்லை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடைய அக்கல் சந்திரக் கல்லுக்கு உறவு என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினரும், திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மண்ணியல் வல்லுநரும், இஸ்ரோவினரும் கூடி அக்கல்லை வெட்டியெடுத்து, உடைத்து, அரைத்து, சலித்து, சந்திர மண்ணின் துகள் அளவுகளுக்கு ஏற்ப விகிதம் கூட்டிப் பெங்களூருக்கு அனுப்பினர். ஏறத்தாழ 50 டன் சென்றது. செய்முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. இதற்கென எண்ணியிருந்த செலவு 25 கோடி ரூபாய் என்றும், கல் உடைத்தோரும் ஏற்றிச் சென்றோரும் கூலி பெறாமையால் அது மிச்சமாயிற்று என்றும் அண்ணாதுரை சொல்லியிருக்கிறார்.

போலி எவ்வளவு சிறந்ததாயினும் போலிதான். அடிபட்டு உருகிய கண்ணாடித் துகள் சித்தம்பூண்டிக் கல்லில் இராது. சந்திரனின் ஈர்ப்பு நம் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. அதை லாரியில் ஏற்றிவர இயலாது. இக்குறைகளைக் கணக்கிட்டே சோதனைகள் நடைபெற்றன. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2-இன் இறங்குகலம் மண்ணைத் தொடும் முன்னரே கட்டுப்பாட்டை இழந்து மோதியது. அது மண்ணின் பிழையன்று. வேகத்தைத் தணிப்பதில் நேர்ந்த பிழை. 2023 ஆகஸ்டு 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு, விழுப்புரத்துக்காரராகிய வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான் 3 மெல்லென இறங்கியது. அன்று மாலை நம் அன்பர் பலர் அலுவலகத்திலிருந்து வேளையோடு வீடு திரும்பியதை நான் அறிவேன்.

இறங்கும்போது எழுந்த புழுதி எவ்வளவு? ஏறக்குறைய 2.06 டன் மேல்மண் சிதறி, 108 சதுர மீட்டர்ப் பரப்பில் வெளிறிய வளையமாகப் படிந்ததென்று படங்களைக்கொண்டு கணித்திருக்கின்றனர். கலத்திலிருந்து ஒரு வெப்பமானிக் கோல் பத்து சென்டிமீட்டர் ஆழம் மண்ணுக்குள் இறங்கியது. மேற்பரப்பில் 50 பாகைக்கு மேல் வெப்பம். எட்டே சென்டிமீட்டர் கீழே, உறைநிலைக்கும் பத்துப் பாகை தாழ்ந்த குளிர்! நம் சிறு வயதில் பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பார்களே, அதுபோல அந்தப் புழுதி வெப்பத்தைக் கீழே விடுவதில்லை. துகள்களுக்கிடையே காற்றும் இன்மையால் மரத்தூளினும் அது திறமையாகத் தடுக்கிறது. பிரஜ்ஞான் வண்டி இருபத்துமூன்று இடங்களில் மண்ணைச் சோதித்தது. அகமதாபாத் பௌதிக ஆய்வுக்கூடத்தார் 2024-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? அம்மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டு வகை. நாமக்கல்லில் ஒத்திகை பார்த்தது வீணாகவில்லை.

ஒத்திகை பொருந்தாவிடில் நேர்வதைச் செவ்வாய்க் கிரகம் காட்டியது. 2018-ல் அங்கே இறங்கிய இன்சைட் கலம், ஐந்து மீட்டர் வரை தானே துளைத்துச் செல்லவல்ல ஒரு கருவியைக் கொண்டுசென்றது. தளர்ந்த மணலாயிருக்கும் என்று எண்ணி அதைச் செய்திருந்தார்கள். அங்கிருந்த மண்ணோ சிறிது கட்டிபிடித்துக் குழியைச் சுற்றி விலகி நின்றது, உராய்வு கிடைக்கவில்லை. கருவி துள்ளியதேயன்றி இறங்கவில்லை. ஏறத்தாழ ஈராண்டு முயன்று 2021 ஜனவரியில் கைவிட்டனர். செவ்வாயின் தூசி நம் டில்லித் தூசிக்கு உறவு எனலாம். அங்கே மெல்லியதேனும் காற்று உண்டு, ஆந்தியும் உண்டு. சில வேளை கிரகம் முழுவதையும் அது மூடிவிடும். தொண்ணூறு நாளுக்கென்று அனுப்பி, பதினான்கு ஆண்டுக்கு மேல் உழைத்த ஆப்பர்சூனிட்டி வண்டி, 2018 ஜூனில் அத்தகைய ஆந்தியொன்றில் சூரிய ஒளி இழந்து மௌனமாயிற்று. துடைத்துவிட அங்கே ஆள் இல்லை.

இம்மண்ணில் பயிர் விளையுமா என்றும் அச்சிறுமி பின்னர்க் கேட்டாள். உழுத புழுதி நன்கு காய்ந்தால் எருவின்றியும் விளையும் என்பது திருக்குறளின் உழவு அதிகாரம் தரும் செய்தி. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் காய்ந்தும் சந்திரப் புழுதியில் ஒரு புல் முளைத்ததில்லை. ஈரமும் உயிரும் முன்பே வாழ்ந்த மண்ணுக்குத்தான் அவ்விதி. ஆயினும் 2022-ல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் அப்பல்லோ கொண்டுவந்த மண்ணில் கடுகினத்துச் சிறுசெடியின் விதையை இட்டு, நீரும் சத்தும் ஊற்றினர். விதைகள் முளைத்தன, செடிகளோ சவலைப் பிள்ளைகள்போற் குன்றி நின்றன. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் நச்சுப்பொருளும் கலந்திருப்பதை 2008-ல் பீனிக்ஸ் கலம் கண்டது. அங்கே கீரைப் பாத்தி போடுவோர் முதலில் மண்ணைக் கழுவியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அச்சிறுமியை அழைத்துப்போக வந்த அவளுடைய பாட்டனார் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது ஆண்டுக்கு முன் டில்லிக்கு வந்தவர். "அந்தக் கல்லாங்காட்டுக்கா இந்த மவுசுங்க?" என்றார். "அது சோறு போட்டிருந்தா நான் ஏனுங்க இங்க வந்து கோப்பு சுமக்கிறேன்? கலப்பை முனை உடையாத வருசமில்லீங்க. எங்க அய்யன் அந்தக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வரப்புல போட்டே காலம் போச்சு." சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த நிலத்தில் தம் பங்கை விற்றுவிடத் தம்பிக்கு எழுதியிருப்பதாகவும், வரப்பில் கிடக்கும் வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லி இனி எழுதப்போவதாகவும் கூறினார்.

கல் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கையடக்கமான கல், உடைந்த பக்கத்தில் சர்க்கரைக் கட்டிபோற் பளபளக்கிறது. நிலவிற்பனை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. வருகின்ற ஞாயிறன்று அதை வகுப்புக்குக் கொண்டுவர அவர் இசைந்திருக்கிறார். குழந்தைகள் தத்தம் வீட்டுச் சாளரத்திலிருந்து ஒரு சிட்டிகைப் புழுதியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வரட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி நான் கொண்டுவருகிறேன்.