முகத்துத் துவாரமும் விலையுயர்ந்த பவுடரும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் பெரியோர். இக்காலத்து இளம் பெண்களுக்கோ முகத்தில் முதலில் தெரிவன மூக்கின் இருமருங்கும் உள்ள நுண்ணிய துவாரங்களே! கைத்தொலைபேசியிற் காணும் முகங்களில் அத்துவாரங்கள் இல்லை; வீட்டுக் கண்ணாடியிற் காணும் முகத்திலோ இருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கண்டு மனம் வாடும் பெண்களை நோக்கியே, துவாரங்களை மறைக்கும் என்ற விளம்பரத்துடன் உயர்ரக முகப் பவுடர்கள் அழகிய பெட்டிகளில் வந்து சேருகின்றன.

பூனாகலை போன்ற தோட்டங்களில் வாழும் நம் சகோதரிகளும் இந்த ஆசைக்கு விலக்கானவர்கள் அல்லர். கலியாணம் நிச்சயமான பெண்ணும், கொழும்புக் கடையில் வேலைக்குச் செல்ல ஆயத்தமாகும் பெண்ணும், பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மாணவியும், ‘ஒரு பெட்டி வாங்கலாமா?’ என்று தாயாரைக் கேட்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு உயர்ரகப் பவுடர் ஒரு பெட்டிக்கு அக்கணக்கில் பத்து நாட் சம்பளமேனும் வேண்டும். பத்து நாள் மலையேறிக் கொழுந்து பறித்த தாயின் உழைப்பு ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இக்கேள்வியை அற்பமென்று தள்ளாமல் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

முதலில் துவாரம் என்பது யாது? அது மயிர்க்காலின் வாய். அதன் அடியிலுள்ள சுரப்பி ஒருவகை எண்ணெய்யைச் சுரந்து, சருமம் வறண்டு போகாமற் காக்கிறது. மூக்கிலும் அதனை அடுத்த கன்னங்களிலும் இச்சுரப்பிகள் பெரியவை. ஆதலால் துவாரங்களும் அங்கே பெரிதாகத் தோன்றும். வெந்நீர் ஆவியால் அவை திறக்கும், குளிர்ந்த நீரால் மூடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது சரியன்று. திறந்து மூடுவதற்கு அவற்றில் தசை கிடையாது. பரம்பரை, எண்ணெய்ச் சுரப்பு, வயது, வெயில் ஆகியவையே அவற்றின் தோற்றத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

அப்படியாயின் பவுடர் செய்வதென்ன? இரண்டே காரியங்கள். ஒன்று, எண்ணெய்யை உறிஞ்சி முகத்தின் மினுமினுப்பைக் குறைத்தல். மற்றொன்று, முகத்தில் விழும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறச் செய்தல். ஒளி சிதறும்போது துவாரங்களின் நிழல் மங்குகிறது. சருமம் வழவழப்பாய்த் தோன்றுகிறது. துவாரம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். மாறுவது தோற்றம் மாத்திரமே. பெட்டிக்குள் இருப்பவையும் பெரும்பாலும் டால்க் எனும் மென்மையான கனிப்பொருள், சிலிக்கா, வெண்களிமண், அரிசி மா, நாக ஒட்சைட்டு முதலிய பொருள்களே. விலை கூடிய பவுடரில் துகள்கள் மேலும் நுண்மையாய் அரைக்கப்பட்டிருக்கும். மணமும் உயர்ந்ததாய் இருக்கும்.

சோதியாமல் எழுதுதல் முறையன்று ஆதலின், நாமே ஒரு நாள் பரீட்சித்துப் பார்த்தோம். வலக் கன்னத்தில் உயர்ரகப் பவுடரையும், இடக் கன்னத்தில் சாதாரணக் கடைப் பவுடரையும் பூசினோம். காலையில் சாளரத்து வெளிச்சத்தில் வலக் கன்னம் சற்று மெருகாகவே தோன்றியது; இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்த வீட்டார் எவராலும் எந்தக் கன்னத்தில் எந்தப் பவுடர் என்று கூற இயலவில்லை. நண்பகலில் மேட்டுப் பாதையில் நடந்து வந்தபின், வியர்வையிற் கலந்த பவுடர் இரு கன்னங்களிலும் திரண்டு துவாரங்களில் வெள்ளைப் புள்ளிகளாய்த் தங்கிவிட்டது. மறைக்க வந்தது கோடிட்டுக் காட்டிவிட்டது!

முகப்பூச்சின் சரித்திரமும் நமக்கு எச்சரிக்கை தருகிறது. முற்காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகள் வெண்மைக்காக ஈயம் கலந்த பூச்சினைப் பயன்படுத்தி உடல் நலத்தை இழந்தனர். நம் காலத்தில் பாதரசம் கலந்த வெண்மைப்படுத்தும் கிறீம்கள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; 2013 ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களையும் கட்டுப்படுத்த முனைந்தது. டால்க் பற்றியும் ஐயம் எழுந்துள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2024 இல் அதனை ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது’ எனக் கருதும் வகையிற் சேர்த்தது. ஆகையால் பவுடரைப் புகைபோல உதறிப் பூசுவதும், காற்றோட்டமில்லாத சிறு அறையில் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு பூசுவதும் கூடா. தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் பொறிக்கப்படாத எந்த டப்பாவையும் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

நம் மலைநாட்டுப் பெண்கள் மறவாதிருக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. உயரம் ஏற ஏறச் சூரியனின் புறவூதாக் கதிர்களின் வலிமையும் ஏறுகிறது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய பத்து வீதம் கூடும் என்பது விஞ்ஞானக் கணக்கு. பண்டாரவளை நகரமே 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்றும் மூடுபனியும் வெயில் இல்லை என்ற மயக்கத்தைத் தருகின்றன. கதிர்களோ மெல்லிய மேகத்தையும் ஊடுருவி வருகின்றன. இவையே நாளடைவிற் சருமத்தின் இறுக்கத்தைத் தளர்த்தி, துவாரங்களையும் பெரிதாகக் காட்டுகின்றன. ஆகவே நெற்றியையும் கன்னங்களையும் நிழலில் வைக்கும் தலைத்துணியோ அகன்ற தொப்பியோ எந்தப் பவுடரிலும் மேலான காவலாகும். வசதியுள்ளோர் வெயிற்காப்புக் கிறீமும் பூசலாம்.

காலையும் மாலையும் மென்மையான சோப்பினால் முகத்தைக் கழுவுங்கள். முரட்டுத் துணியால் தேய்க்காதீர்கள். துவாரங்களை நகத்தாற் பிதுக்காதீர்கள். பவுடர் பூசிய இரவில் அதனைக் கழுவாமல் உறங்கச் செல்லாதீர்கள். பருக்கள் மிகுந்தால் கடைக்காரரை விடுத்து வைத்தியரை நாடுங்கள்; குறிப்பாகக் கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் எந்த மருந்துக் கிறீமையும் பூசலாகாது.

கலியாண நாளன்று, புகைப்படத்துக்காக, சிறிதளவு பவுடர் பூசிக்கொள்வதில் தவறொன்றுமில்லை. அதற்குச் சாதாரணப் பவுடரே போதும். உயர்ரகப் பெட்டி தருவது சிறிது மெருகும் சில மணி நேரமும் மாத்திரமே. அதற்குப் பத்து நாட் சம்பளம் தகுமா என்பதை, மகள் கேட்கும்போது தாயும் மகளுமாகச் சேர்ந்திருந்து கணக்குப் பார்க்கட்டும். அந்தக் கணக்கில் பாடப் புத்தகத்தின் விலையையும், மழைக்காலத்துக் கம்பளியின் விலையையும் சேர்த்துக் கொள்ள மறவாதிருப்பார்களாக!