கேமரா வாங்கும் முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் சின்ன அறையை போட்டோ ஸ்டுடியோவாக மாற்றலாமா என்று பழைய மாணவர்கள் சிலர் சமீபத்தில் என்னிடம் கேட்டார்கள். கேட்கும்போதே கையில் பட்டியல் இருக்கிறது. கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், சாஃப்ட்பாக்ஸ், பேக்ட்ராப் ஸ்டாண்ட். கூட்டினால் லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

வேண்டாம் என்பதே என் பதில். முதல் ஆறு மாதத்துக்கு உங்களிடம் இருக்கும் போனோ, ஒரு பழைய கேமராவோ போதும். அதோடு ஒரு ஜன்னலும், உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இருந்தால் ஸ்டுடியோ தயார்.

நான் தொழில்முறை போட்டோக்காரன் இல்லை. இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்கு வரும் உறவினர்களை எங்கள் முன்னறையில் உட்கார வைத்துப் படம் எடுத்து வருகிறேன். போட்டோ என்பது நாம் படித்த ஒளிப் பாடம்தான். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்து போனோமே, அதே பாடம்.

முதலில் அறையின் அளவைப் பார்ப்போம். நீளவாக்கில் 12 அடி இருந்தால் போதும். பின்சுவரிலிருந்து 4 அடி தள்ளி நாற்காலி போடுங்கள். அப்போதுதான் ஆளின் நிழல் சுவரில் விழாது. நாற்காலியிலிருந்து 6 அடியில் கேமரா. மீதி 2 அடி நீங்கள் நிற்பதற்கு. இந்தத் தூரத்தில், சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு நெட்டுவாக்கில் பிடித்தால், தலையிலிருந்து இடுப்பு வரை வரும். உருவப்படத்துக்கு அவ்வளவுதானே வேண்டும்? நின்ற கோலமோ, பத்துப் பேர் குடும்பப் படமோ இந்த அறையில் முடியாது. அதைத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் 6 அடி? ஒன்றரை அடியில் எடுத்தால் முகம் பெரிதாக வருமே என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழம் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. தூரத்தில் எடுத்தால் மூக்கு 45-இல், காது 57-இல். காது ஐந்தில் ஒரு பங்கு சிறுத்து, மூக்கு புடைத்துத் தெரியும். 180 செ.மீ.-இல் எடுத்தால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் மூக்கு இல்லை, தூரம். போனில் எடுப்பவர்களும் தள்ளி நின்று, 2எக்ஸ் வைத்து எடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வெயில் நேரடியாக விழாத ஜன்னல் நல்லது. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். வெயில் விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள். கிரகணப் பாடம் நினைவிருக்கிறதா? ஒளி மூலம் சிறியதாக இருந்தால் நிழலின் ஓரம் கத்தி போல் விழும், பெரியதாக இருந்தால் மெல்லக் கரையும். வேட்டி கட்டிய ஜன்னல்தான் உங்கள் சாஃப்ட்பாக்ஸ். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடியில் உட்கார வையுங்கள். மறுபக்கக் கன்னம் இருண்டு கிடந்தால், அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். முகம் கண் முன்னாலேயே மலரும்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தில் திட்டுத் திட்டாக வரும். சுவரையும் கவனியுங்கள். நம் வீடுகளில் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்து வைத்திருப்போம். அந்தச் சுவரில் பட்ட வெளிச்சம் கன்னத்தில் வந்து விழுந்தால் காமாலை வந்தவர் மாதிரி இருக்கும். அறைக்கென்று செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு வாளி வெள்ளை டிஸ்டம்பர் வாங்குங்கள். பின்னால் தொங்கவிட சாம்பல் நிறத்திலோ காபிக் கொட்டை நிறத்திலோ நாலு கெஜம் துணி. இஸ்திரி போட்டிருக்க வேண்டும்.

பெரியவர்களின் மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் பளிச்சென்று தெரிகிறதா? கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அது இல்லாமல் அவர் அவராக இருக்க மாட்டார். கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் அரை அங்குலம் தூக்கி வையுங்கள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். பளபளப்பு பெரும்பாலும் கீழே போய்விடும், கேமராவுக்கு வராது.

“வேலை முடிந்து சாயங்காலம்தானே ஆட்கள் வருவார்கள், அப்போது ஜன்னல் எதற்கு ஆகும்?” என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது விளக்கு வேண்டும்தான். ஆனால் ஒன்று போதும். பகலில் ஜன்னல் இருந்த அதே பக்கத்தில் விளக்கை நிறுத்தி, வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்புங்கள். சின்ன விளக்கைத் தள்ளி வைத்துத் தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் கால் பங்காகும் என்ற எதிர்த்தகவு இருமடி விதி தெரிந்தவருக்கு, மீதியைப் பழக்கம் சொல்லித்தரும்.

தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் எனக்குக் கோபமே உண்டு. படத்தை எடுத்த கையோடு முகத்தை வெளுக்க வைக்கிறார்கள். சுருக்கத்தை அழிக்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டி மெழுகு பொம்மையாக வெளியே வருகிறார். வண்ண ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். 1950களில் தொடங்கி வெகுகாலம் அதுதான் அளவுகோல். அதனால் கறுத்த முகங்களின் நுணுக்கம் பிரிண்டில் அமுங்கிப்போனது. அன்று கருவி செய்ததை இன்று நாமே விரலால் செய்ய வேண்டுமா? வெள்ளைத் துணியின் முன் கறுத்த முகத்தை உட்கார வைத்தால் கேமரா ஏமாந்து முகத்தை இன்னும் இருட்டாக்கும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள், அல்லது துணியை மாற்றுங்கள். முகத்தை மாற்றாதீர்கள்.

பெரியவர்களை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? போஸ்டர் அடிக்கப் படம் தேடுகிறார்கள். ஆளுக்கொரு போனைத் துழாவுகிறார்கள். கடைசியில் வாக்காளர் அட்டைப் படம் கிடைக்கும், அல்லது ஏதோ கல்யாண கோஷ்டிப் படத்தில் ஓரமாக நின்ற முகத்தை வெட்டிப் பெரிதாக்குவார்கள். பக்கத்து ஆளின் தோள் பாதி ஒட்டிக்கொண்டே வரும். அந்தப் படம்தான் பிறகு மாலையோடு சுவரில் தொங்குகிறது. பேரன் பேத்திக்குத் தாத்தா என்றால் அந்த மங்கலான முகம்தான். செல்போன் வந்த பிறகு ஸ்டுடியோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வீட்டுக்கு வீடு பத்தாயிரம் படம் இருக்கிறது, பெரியவர்களின் உருவப்படம் ஒன்று இல்லை.

கேட்டால் அவர்களும் தட்டிக் கழிப்பார்கள். “போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்” என்பார் ஒருவர். அதிலும் கணவனை இழந்த அம்மாக்கள், “பொட்டு இல்லாத மூஞ்சிக்கு எதுக்குப் படம்?” என்று எழுந்து போய்விடுவார்கள். விசேஷ வீட்டுப் படங்களில் பின்வரிசைக்கே ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். உங்கள் நாற்காலியில் முதலில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான். கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்து, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு நடக்கட்டும். பத்து நிமிடத்தில் கேமராவை மறந்துவிடுவார். தொழிலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கூச்சப்படும் பெரியவரைச் சகஜமாக்கத் தெரிந்தவர், நாளைக்கு வரும் எந்த வாடிக்கையாளரையும் சமாளிப்பார்.

வயதாகிவிட்டது, வசதி இல்லை என்று தயங்கும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாருக்கு முதல் கேமரா கிடைத்தபோது வயது 48. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. இங்கிலாந்தில் வைட் தீவில் இருந்த தன் வீட்டின் கோழிக் கூண்டைக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோவாக்கினார். கரி போட்டு வைக்கும் அறைதான் படம் கழுவும் இருட்டறை. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலையும், கவிஞர் டென்னிசனையும் படம் எடுத்தவர் அவர். 1875-இல் இலங்கைக்குக் குடிபோனார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்தார். கோழிக் கூண்டில் எடுத்த அந்த முகங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் நின்று பார்க்கிறார்கள்.

எடுத்த படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தொலையும், உடையும். நல்ல தாளில் ஒரு பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். ஐம்பது வருடம் கழித்து “இது யாரு?” என்று யாரும் கேட்கக் கூடாது.

ஆறு மாதத்தில் ஐம்பது முகங்கள் எடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள். அப்போதும் கேமராதான் குறை என்று தோன்றினால், எதை வாங்குவது என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். நகை அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். அவர் சம்மதித்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்